பாடும் மிடற்றின் பாதுகாப்பு

(கம்பம் நகரில் இசையாசிரியர்கள், நாடகக் கலைஞர்கள், பெற்றோர்கள் ஆகியோர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முல்லைப் பெரியாற்று அணையின் நீர் 1895ஆம் ஆண்டில் மலையைக் குடைந்த வழியே கிழக்கு நோக்கி இறங்கத் தொடங்கிய காலம் முதலாக இருபோகம் விளைந்து வரும் இப்பள்ளத்தாக்கு, நெல்லுக்கும் வாழைக்கும் பன்னீர்த் திராட்சைக்கும் எவ்வளவு பேர் பெற்றதோ அவ்வளவு பாட்டுக்கும் பேர் பெற்றது என்பதை வெளியூரிலிருந்து வந்தவன் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் அவர்களுக்காக மலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடிய பாட்டுகளைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் பேசக் கேட்கிறோம். அவருடைய தம்பி இளையராஜாவின் பெயரோ உலகம் அறிந்தது. இவர்களைப் போல் பெயர் வெளியே தெரியாமல், நடவு வயலில் பாடுவோரும், இழவு வீட்டில் ஒப்பாரி வைப்போரும், திருவிழா இரவில் ராஜபார்ட்டாகவும் ஸ்திரீபார்ட்டாகவும் மேடை ஏறுவோரும், அறுபது பிள்ளைகள் அடைந்த வகுப்பறையில் நாள் முழுவதும் பேசும் ஆசிரியைகளும் இங்கே எத்தனையோ பேர். இவர்கள் எல்லோருக்கும் பிழைப்பு மிடற்றில் இருக்கிறது. ஆயினும் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் நாம் காட்டுகின்ற கவலையில் ஒரு சிறு பங்குகூட மிடற்றுக்குக் காட்டுவதில்லை.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. நம்மிடையே வேரூன்றியுள்ள இரண்டு நம்பிக்கைகளும் இதற்குக் காரணம். நல்ல சாரீரம் தெய்வம் கொடுக்கிற வரம், அதைக் கற்பித்துத் தர எவராலும் இயலாது என்பது ஒரு சாரார் கொள்கை. தொண்டையை வருத்தி, கத்தி, கம்மி, ரத்தம் கசிய உழைத்தால்தான் குரல் உரமேறும் என்பது மற்றொரு சாரார் கொள்கை. ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்டனபோல் தோன்றும் இவ்விரு கொள்கைகளும், மாணவனின் குரலைக் காக்கும் பொறுப்பை ஆசிரியரின் தோளிலிருந்து இறக்கிவிடுவதில் மட்டும் பரிபூரணமாக ஒன்றுபட்டு நிற்கின்றன. குரல் ஓர் அவயவத்தின் தொழில் என்பதும், அவ்வவயவத்தின் இயல்பறிந்து அதைக் கேடின்றி வைத்திருப்பதே பாட்டாசிரியரின் முதற்கடமை என்பதும், ராகமும் தாளமும் அதற்கு அடுத்தபடியாகவே வரவேண்டும் என்பதும் இன்று நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

நம் முன்னோர் இவ்விஷயத்தைச் சிந்தியாதவர்கள் அல்லர். தொல்காப்பியர் பிறப்பியலில், கொப்பூழ் அடியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாகும் முறையை வகுத்துக் கூறியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் இயற்றிய சார்ங்கதேவர், பாடகரிடத்துக் காணும் குற்றங்கள் இருபத்தைந்து என்று எண்ணிப் பட்டியலிட்டிருக்கிறார். கழுத்திலும் முகத்திலும் நரம்பு புடைக்கப் பாடுவது அவற்றுள் ஒன்று. இக்காலத்துக் குரல் மருத்துவர் ஒரு பாடகியைப் பாடச் சொல்லி உற்றுநோக்கும்போது அவர் கண் முதலில் செல்வது கழுத்து நரம்பின் மேல்தான் என்பதை அறியும்போது, அப்பழைய சாஸ்திரக்காரரின் கூர்ந்த பார்வைக்கு நாம் தலைவணங்கவே வேண்டும். ஆனால் அவர்கள் கண்டதெல்லாம் வெளியே தெரிந்த அடையாளங்கள். உள்ளே, குரல் பிறக்கும் அந்தச் சிறு வாயிலில் நடப்பதைக் கண்ணால் காண வழியில்லாத காலம் அது.

அந்த வழியைத் திறந்தவர் மருத்துவர் அல்லர், ஒரு பாட்டு வாத்தியார் என்பது நம் தொழிலுக்கே பெருமை. ஸ்பெயின் தேசத்திற் பிறந்து, பாரிசிலும் பின்னர் லண்டனிலும் பாட்டுக் கற்பித்த மானுவல் கார்சியா, 1854ஆம் ஆண்டில், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியை வெந்நீரில் காட்டித் தம் உள்நாக்கின் மேல் சாய்த்து வைத்து, கைக்கண்ணாடி ஒன்றினால் சூரிய ஒளியை வாய்க்குள் திருப்பி, தம்முடைய குரல் நாண்கள் திறப்பதையும் மூடுவதையும் தாமே கண்டார். அடுத்த ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியில் அக்காட்சியைப் பற்றிய அவருடைய கட்டுரை படிக்கப்பட்டது. தொண்டை மருத்துவம் ஒரு தனித்துறையாக வளர்ந்ததற்கு அதுவே தோற்றுவாய். 1805இல் பிறந்து 1906இல் மறைந்த அம்மனிதர், ஏன் அந்தக் கண்ணாடியைத் தேடிப் போனார்? குரல் பிறக்கும் விதத்தைத் தம் கண்ணாலேயே காணவேண்டும் என்னும் வேட்கை அவரை விடவில்லை.

அவர் அக்கண்ணாடியைக் கண்டறிவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1841இல், சுவீடனிலிருந்து ஜென்னி லிண்ட் என்னும் இளம்பெண் அவரிடம் வந்தாள். இருபது வயதுக்குள் மேடை மேடையாகப் பாடி ஓய்ந்த அவளுடைய குரல் அப்போது சிதைந்திருந்தது. அவளுக்குக் கார்சியா கொடுத்த முதற்பாடம் ஒரு சுரமும் அன்று. ஆறு வாரம் பாடக் கூடாது, இயன்றவரை பேசவும் கூடாது என்பதே அது. ஓய்வுக்குப்பின் மூச்சு முதற்கொண்டு மீண்டும் அடியெடுத்துக் கற்ற அவளே பின்னாளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கொண்டாடிய பாடகியானாள். தன்னிடம் வரும் மாணவியைப் பார்த்து, இப்போது பாடாதே என்று சொல்லும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, குரல் பிறக்கும் விதத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். இங்குள்ளோர் பலரும் ஆர்மோனியம் அறிந்தவர்கள் ஆதலால் அதையே உவமையாகக் கொள்வேன். பின்புறத் துருத்தி காற்றைத் தருகிறது. உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு அக்காற்றில் அதிர்கிறது. மரப்பெட்டி அவ்வதிர்வுக்குக் கனம் சேர்க்கிறது. நம் உடம்பில் நுரையீரலும் அதன்கீழ் விரிந்த உதரவிதானமும் விலா எலும்புத் தசைகளும் துருத்தியின் வேலையைச் செய்கின்றன; குரல்வளைக்குள் முன்னிருந்து பின்னாக நீண்டு கிடக்கும் இரண்டு குரல் நாண்கள் நாக்கின் வேலையைச் செய்கின்றன; தொண்டையும் வாயும் மூக்கறையும் பெட்டியாகின்றன. வேற்றுமை ஒன்று உண்டு: ஆர்மோனியத்தின் நாக்கு பழுதானால் மதுரைக்குக் கொண்டுபோய் வேறு நாக்கு போட்டுக்கொள்ளலாம், மிடற்றுக்குள் இருப்பது பிறப்பில் அமைந்த ஒரே இணை.

அந்த இணை ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளமும், பெண்களுக்கு அதனினும் சற்றுக் குறைவும் உடையது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 131 முறை அவ்விரண்டு நாண்களும் ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. ஐந்து கட்டையில் அது 196 முறை. அதன் மேல் ஷட்ஜத்தைப் பிடித்து நிற்கும்போது 392 முறை. சராசரியாக வினாடிக்கு 200 முறை என்று கொண்டாலும், ஒரு மணி நேரம் இடைவிடாது ஒலித்த குரலில் 7,20,000 மோதல்கள் நிகழ்ந்திருக்கும். இத்தனை மோதலையும் தாங்கும்படி அந்நாண்கள் அமைந்திருக்கும் விதம், சிருஷ்டியின் அற்புதங்களில் ஒன்று. ஜப்பானியத் தொண்டை மருத்துவர் மினோரு ஹிரானோ 1970களில் அவற்றின் அடுக்குகளை ஆராய்ந்து விளக்கினார்: உள்ளே தசை, அதன்மேல் இழைநார்ப் படலம், அதற்கும் மேல் கூழ்போல் நெகிழ்ந்த ஒரு மெல்லடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய தோல். குரலின் இனிமை அந்த நெகிழ்ந்த மேலடுக்கு தடையின்றி அலைபாய்வதில் இருக்கிறது. தசை எவ்வளவு வலிமை பெற்றாலும் மேலடுக்கு வீங்கியோ வறண்டோ போனால் பிருகா உருளாது, மேல் ஸ்தாயியில் காற்றோசை கலக்கும், மெல்லப் பாடத் தொடங்கும் சுரம் ஒலிக்காமலே தவறும். தொண்டையை வருத்தி உரமேற்றலாம் என்னும் கொள்கை எவ்வளவு பிழையானது என்பது இதனால் விளங்கும். வருத்தத்தால் உரமேறும் உறுப்பு தசை, வருத்தத்தால் கெடும் உறுப்பு அதன் மேலடுக்கு.

அளவுக்கு மீறிய மோதலால் நாண்களின் நடுப்பகுதியில், மோதல் மிகக் கடுமையாக நிகழும் இடத்தில், இருபுறமும் எதிரெதிராகச் சிறு தடிப்புகள் தோன்றுகின்றன. இவற்றைப் பாடகர் முடிச்சு என்று மருத்துவர்கள் சொல்வார்கள். முடிச்சு இருக்கையில் நாண்கள் முழுதும் மூடிக்கொள்வதில்லை. மூடாத இடைவெளியை வலிந்து மூடப் பாடகர் மேலும் அழுத்துகிறார். அழுத்த அழுத்த முடிச்சு தடிக்கிறது. சில வேளை ஒரே ஒரு கூச்சலில் மெல்லிய ரத்தக்குழாய் வெடித்து, குரல் அக்கணமே அற்றுப்போவதும் உண்டு. அப்படித் திடீரெனக் குரல் போனவர் அதற்குமேல் ஒரு சொல்லும் பேசாமல் மருத்துவரை நாடவேண்டும்.

இப்போது, நம் நாடக மேடையின் சரித்திரத்துக்கு வருகிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்தில், பாலர் நாடக சபைகளே தமிழ் மேடைக்கு உயிராக இருந்தன. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைத் தரை டிக்கெட் ரசிகனுக்கும் கேட்கும்படி சிறுவர்கள் உச்ச ஸ்தாயியில் பாடினார்கள். செங்கோட்டைக் கிட்டப்பாவைப் போன்ற அபூர்வ சாரீரங்கள் அந்த மேடையில் மலர்ந்தன. ஆனால் அச்சிறுவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் வந்தே தீரும் ஒரு கண்டம் இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு உடையும். நேற்றுவரை மணிபோல் ஒலித்த குரல் இன்று தார ஸ்தாயியில் இரண்டாகப் பிளக்கும். சபைகளுக்கு இந்நிலையை அறிந்து பெயரிடத் தெரிந்ததேயன்றி, அதைக் கடத்திவிடும் உபாயம் தெரியவில்லை. வேடம் பறிபோகும், பையன் பக்கவேடத்துக்கு இறங்குவான், அல்லது ஊருக்குத் திரும்புவான். புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா அவ்வாறு குரல் உடைந்து சபையை விட்டு நீங்கி, தேகப்பயிற்சியிலும் சிலம்பத்திலும் காலம் கழித்து, குரல் தேறியபின் திரையுலகில் தலைசிறந்த பாடும் நடிகரானார். திரும்பி வந்தவர் பெயரைச் சரித்திரம் சொல்கிறது. திரும்பி வராதவர்களை அது எண்ணி வைக்கவில்லை.

உங்கள் ஊருக்கு அடுத்த பண்ணைப்புரத்திலும் இதே கதை நடந்தது. தமையனார் குழுவில் பெண்குரலில் பாடிவந்த இளையராஜா, மகரக்கட்டு உடைந்தபின் ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பியதை அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஆர்மோனியம் அவரை எங்கே கொண்டு சேர்த்தது என்பது 1976இல் அன்னக்கிளி வெளிவந்தது முதல் தமிழகம் அறியும். ஆகவே மகரக்கட்டு உடைந்தது நன்மைக்கே என்று சிலர் வேடிக்கையாகச் சொல்லக்கூடும். அப்படிச் சொல்வோர், கைக்கு ஆர்மோனியம் கிடைக்காத பிள்ளைகளை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். பிற்காலத்தில் இளையராஜாவுக்குக் கர்நாடக இசை கற்பித்த டி. வி. கோபாலகிருஷ்ணன் குரற்பயிற்சியைத் தனி ஒரு கல்வியாகவே கருதிப் பலருக்கும் கற்பித்தவர் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடத் தோன்றுகிறது.

மகரக்கட்டுக் காலத்தில் நிகழ்வது என்ன? ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் பையனின் குரல்வளை விரைந்து வளர்கிறது; நாண்கள் நீண்டு தடிக்கின்றன; சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழிறங்குகிறது. பெண்பிள்ளைகளுக்கும் இம்மாற்றம் உண்டு. ஆனால் இறக்கம் இரண்டு மூன்று சுர ஸ்தானங்களுக்குள் அடங்குவதால், லேசான காற்றோசையும் கரகரப்பும் தோன்றி மறைவதைப் பெரும்பாலும் எவரும் கவனிப்பதில்லை. இக்காலத்தில் பாடலாமா என்பது பற்றிச் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே பெரிய வாதம் நடந்தது. பாடவே கூடாது என்றார் நாம் மேலே கண்ட கார்சியா; மிதமாகவும் கண்காணிப்போடும் பாடலாம் என்றார் லண்டன் தொண்டை மருத்துவர் மோரல் மெக்கன்சி. இக்கால ஆராய்ச்சி மெக்கன்சியின் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆகவே ஆசிரியர் செய்யத் தக்கது இது: பையனின் சுருதியைப் பழைய கட்டையிலேயே கட்டிப்போடாமல், மாதந்தோறும் அவன் குரல் எங்கே சுகமாக நிற்கிறது என்று பார்த்து இறக்கிக் கொடுக்க வேண்டும், கிடைக்கும் ஐந்தாறு சுரங்களுக்குள் பாடக்கூடிய வரிசைகளையும் சிறு பாட்டுகளையும் தரவேண்டும், தார ஸ்தாயியைத் தொடச்சொல்லி வற்புறுத்தலாகாது, போட்டிகளுக்கு அனுப்பலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளந்த குரலைக் கேட்டு வகுப்பு சிரிக்க இடம் கொடுக்கலாகாது. அச்சிரிப்பினால் வாய்மூடிய பிள்ளை வாழ்நாள் முழுதும் பாடாமல் போவதை என் ஆசிரியத் தொழிலில் மிகுதியாகக் கண்டிருக்கிறேன்.

வளர்ந்தவர்களின் குரலுக்கு இப்பள்ளத்தாக்கில் நேரும் இடர்களையும் சொல்லவேண்டும். சித்திரையில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழா நடக்கும் காலத்தில் சுற்றுவட்டாரத்திலும் கொடைகளும் பொங்கல்களும் நெருங்கி வரும். வள்ளி திருமணமும் அரிச்சந்திர மயான காண்டமும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். ஸ்பெஷல் நாடகக் கலைஞருக்கு ஒத்திகை இல்லை. மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ பேருந்தில் வந்து இறங்கி, அன்றைக்கு யார் எதிர்ப்பாட்டோ அவர் சுருதிக்குத் தம் குரலை உயர்த்தி, ஏட்டிக்குப் போட்டியாகப் பாடவேண்டும். கம்பங்களில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகள் ஊரை நோக்கித் திரும்பியிருப்பதால், மேடையில் நிற்பவருக்குத் தம் குரல் தமக்கே கேட்பதில்லை. இரைச்சல் நடுவே பேசுவோர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவர் என்பதை லோம்பார்டு என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எடுத்துக்காட்டினார். நம் நடிகர்கள் இரவு முழுதும் செய்வது அதுவே. பாடுவோர் பக்கம் திருப்பிய ஒரு சிறு ஒலிபெருக்கியை மேடை ஓரத்தில் வைத்தால் இத்துன்பத்தில் பெரும்பகுதி நீங்கும். விழாக் கமிட்டியாருக்கு இது பந்தற்செலவில் ஒரு துளியும் ஆகாது.

நாடகத்துக்கு முன் வயிறு நிறைய உண்பதும், முடிந்தபின் விடியற்காலையில் பரோட்டாவும் குழம்பும் உண்டு உடனே படுப்பதும் இத்தொழிலில் சகஜம். அப்படிப் படுத்தவரின் இரைப்பைப் புளிப்பு உணவுக்குழல் வழியே மேலேறிக் குரல்வளையின் பின்புறத்தைச் சுடுகிறது. நெஞ்செரிச்சல் தோன்றாமலே இது நிகழக்கூடும். காலையில் கரகரப்பு, தொண்டையில் ஏதோ அடைத்தது போன்ற உணர்ச்சி, ஓயாத கனைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் எளிய பரிகாரங்கள். கனைப்பு மட்டும் ஆகவே ஆகாது. ஒவ்வொரு கனைப்பும் நாண்களைப் பலமாக அறைகிறது. ஒரு மிடறு தண்ணீர் விழுங்குவதே அதற்கு மாற்று.

பெண்களின் குரலைப் பற்றித் தனியே ஒரு சொல். 1994இல் வெளிவந்த காதலன் படத்தின் பேட்டை ராப் பாட்டில் தேனி குஞ்சரம்மாளின் குரல் தமிழகமெங்கும் ஒலித்தபோது, எந்தச் சங்கீதப் பள்ளியும் உருவாக்காத அக்குரலின் வீச்சை நகரத்தார் வியந்தார்கள். ஒப்பாரியிலும் தாலாட்டிலும் பழகிய அத்தகைய குரல்கள் நெஞ்சு ஸ்தாயியில் ஓங்கி ஒலிப்பவை. அழுகையும் பாட்டும் ஒரே மூச்சில் கலப்பதால் குரல்வளை இறுகி நிற்பவை. இழவு வீட்டில் ஒருவரே தொடர்ந்து வைக்காமல், ஒருவர் எடுக்க மற்றவர் வாங்கிக்கொள்ளும் பழைய வழக்கத்தில் துக்கத்தின் பகிர்வோடு குரலுக்கான ஓய்வும் அடங்கியிருக்கிறது. இன்று கூலிக்கு அழைக்கப்பட்டு மைக் பிடித்துத் தனியே பாடும் பெண்ணுக்கு அந்த ஓய்வு இல்லை. பள்ளி ஆசிரியைகளின் நிலையும் இதுவே. குரல் நோய்கள் மற்றத் தொழிலாளரைவிட ஆசிரியர்களிடத்து மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதைப் பல தேசத்து ஆராய்ச்சிகளும் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

இனி, கைவைத்தியம். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே இறங்கும் காற்று இங்கே எவ்வளவு புழுதியைக் கிளப்பி எவ்வளவு வறட்சியைத் தரும் என்பது உங்களுக்குத் தெரியும். தொண்டை வறண்டவுடன் மிளகும் பனங்கற்கண்டும் சித்தரத்தையும் அதிமதுரமும் நாடுகிறோம். இவை தொண்டைக்கு இதம் தருவனவே. எனினும் நாம் விழுங்கும் எதுவும் குரல் நாண்களின் மேல் நேரே படுவதில்லை, உணவுக்குழல் வழியே போய்விடுகிறது என்பதை மறக்கலாகாது. பகல் முழுவதும் சிறிது சிறிதாகக் குடித்த தண்ணீர் ரத்தத்தில் கலந்து, நாண்களின் மேல் ஊறும் ஈரத்தை நெகிழ்வாக வைத்திருக்கிறது; மேடைக்குச் சற்று முன்பு குடித்த ஒரு சொம்பு நீர் அதற்கு ஈடாகாது. வெந்நீர் ஆவி பிடிப்பது மட்டும் நேரே நாண்களைச் சென்றடையும். எந்தத் தைலமும் கலக்காத ஆவியே நல்லது. அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக மெல்லுவது ரத்த அழுத்தத்தை உயர்த்தும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்களை வாயிலிட்டுக்கொண்டு பாடுவது, வலி என்னும் எச்சரிக்கையை அணைத்துவிட்டுத் தீயில் நடப்பதாகும். ஆஸ்பிரின் மாத்திரை ரத்தக் கசிவை எளிதாக்குவதால் கச்சேரி நாளில் மருத்துவரைக் கேளாமல் அதை உட்கொள்ளலாகாது. வெற்றிலையோடு சேரும் புகையிலையைப் பற்றியும் பீடியைப் பற்றியும் நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. குரல் கம்மியபோது கிசுகிசுத்துப் பேசினால் ஓய்வு கிடைக்கும் என்பதும் பிழை. வலிந்த கிசுகிசுப்பிலும் குரல்வளை இறுகுகிறது. ஓய்வு என்றால் மௌனம்.

சாதகம் செய்யும் முறை பற்றிக் கேட்பீர்கள். விடியற்காலையில் மந்தர ஸ்தாயியில் நீண்ட அகார சாதகம் செய்யவேண்டும் என்று நம் சம்பிரதாயம் விதித்தது விவேகமான விதி. உறங்கி எழுந்த நாண்கள் தளர்ந்து கனத்திருக்கும் வேளையில் கீழ்ச்சுரங்களிலிருந்து மெல்லத் தொடங்குவது அவற்றின் சுபாவத்துக்கு ஏற்றது. வாயை மூடி ‘ம்’ என்று முரலுவதும் அவ்வாறே. அமெரிக்க விஞ்ஞானி இங்கோ டிட்ஸே, வாயின் வெளிவாயிலைக் குறுக்கி ஒலிக்கும்போது அங்கே எழும் எதிரழுத்தம் நாண்களைச் சற்றே விலக்கிப் பிடித்து மோதலைத் தணிக்கிறது என்பதை விளக்கி, மெல்லிய உறிஞ்சுகுழல் வழியே சுரங்களை ஊதிப் பழகும் பயிற்சியைப் பரப்பினார். ஒரு தம்ளர் தண்ணீரில் குழலின் நுனியை இரண்டு விரற்கடை அமிழ்த்தி, குமிழிகள் சீராக எழும்படி ‘ஊ’ என்று சரளி வரிசையைப் பாடிப் பாருங்கள். பாட்டுக்கு முன் ஐந்து நிமிஷமும், பாடி முடித்தபின் ஐந்து நிமிஷமும் போதும். கழுத்தளவு நீரில் நின்று கத்திப் பாடினால்தான் குரல் திறக்கும் என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வேன்: அவ்வாறு பாடித் தேர்ந்தவர்கள் தேர்ந்தது நாள்தவறாத அப்பியாசத்தால், குளிர்ந்த நீரால் அன்று.

சுருதியைத் தேர்ந்தெடுப்பதில் அபிமானம் கூடாது. ஐந்து கட்டையில் பாடினால் வித்வான், இரண்டு கட்டையில் பாடினால் சாமானியன் என்பது ஒலிபெருக்கி இல்லாத காலத்து அளவுகோல். மந்தர பஞ்சமமும் தார பஞ்சமமும் கழுத்து நரம்பு புடையாமல் எந்தச் சுருதியில் எட்டுகின்றனவோ, அதுவே அவரவர் சுருதி. இளமையில் சாரீரம் இனிமையற்றது என்று பலராலும் சொல்லப்பெற்ற செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர், இடைவிடாத சாதகத்தால் அதே சாரீரத்தைக் கொண்டு தம் காலத்தின் முதல்வர்களில் ஒருவராக விளங்கியதை எண்ணிப் பாருங்கள். குரல் வரம் மட்டுமே என்போர்க்கு அவர் வாழ்க்கை ஒரு மறுமொழி. அவர் தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்து முதுமையிலும் பாடிவந்தது, குரலை வருத்தித் தீர்த்துவிட வேண்டும் என்போர்க்கு மற்றொரு மறுமொழி.

இறுதியாக, மருத்துவத்தைப் பற்றிய ஒரு செய்தி. சளி பிடித்து வந்த கரகரப்பு ஓரிரு வாரத்தில் நீங்கிவிடும். மூன்று வாரம் கடந்தும் நீங்காத கரகரப்பை, சிறப்பாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவரிடத்து, ஒருபோதும் அலட்சியம் செய்யலாகாது. குரல்வளைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் அதுவாக இருக்கலாம், தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தவும் கூடும். க.விலக்கில் 2004 முதல் இயங்கிவரும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. கார்சியா சூரிய ஒளியில் கண்ட காட்சியை இன்று சில நிமிஷங்களில் மருத்துவர் பார்த்துவிடுகிறார். முடிச்சு என்று சொன்னவுடன் கத்தி வைப்பார்கள் என்று அஞ்சவேண்டாம். பாடகர் முடிச்சுக்கு முதல் சிகிச்சை குரற்பயிற்சியும் பழக்கத்தை மாற்றுவதுமே, பெரும்பாலோர்க்கு அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. அச்சிகிச்சையில் பாட்டாசிரியர் மருத்துவருக்குத் துணையாக நிற்கவேண்டியவர். தம் மாணவருக்கு முடிச்சு வந்ததை மறைக்கவேண்டியவர் அல்லர்.

அன்பர்களே, பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 1999இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்து, ஏப்ரல் 16ஆம் நாள் உலகக் குரல் நாளாகப் பல நாடுகளிலும் கொண்டாடப்படுகிறது. சித்திரைத் திருவிழாக்கள் தொடங்கும் பருவமும் அதுவே. அந்நாளில் இப்பள்ளத்தாக்கின் ஒவ்வோர் ஊரிலும் இசையாசிரியர்களும் நாடகக் கலைஞர்களும் விழாக் கமிட்டியாரும் ஒருங்கே கூடி, மூன்று தீர்மானங்களை மேற்கொள்ள வேண்டும் என்று விண்ணப்பித்துக்கொள்கிறேன். மேடையில் பாடுவோர்க்குத் தம் குரல் கேட்கும்படி ஓர் ஒலிபெருக்கியும், குடிக்கத் தண்ணீரும், நாடகத்தின் நடுவே அரைமணி ஓய்வும் கொடுப்பது முதலாவது. மகரக்கட்டு உடையும் பருவத்துப் பிள்ளைகளைப் போட்டி மேடையில் ஏற்றாமல், வகுப்பிலிருந்தும் விலக்காமல், தாழ்ந்த சுருதியில் பாடவைத்து அக்கரை சேர்ப்பது இரண்டாவது. குரல் கம்மிய மாணவரைப் பார்த்து, இன்று பாடவேண்டாம், மூன்று வாரம் ஆகியும் தேறாவிட்டால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லும் கடமையை ஒவ்வோர் ஆசிரியரும் ஏற்றுக்கொள்வது மூன்றாவது. இம்மூன்றுக்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வருகிற சித்திரையிலேயே தொடங்கிவிடலாம்.